எழுபது டிகிரி

"இந்தா பாருங்கண்ணே, தோலு வெடிக்குது." மகாராணி உள்ளங்கையை விரித்தாள். நாலு ஏலக்காய், நாலும் வாய் பிளந்திருந்தன. அவள் வந்து சொல்வது இது மூன்றாவது தடவை.

போடிமெட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரைப் பதினெட்டு வருஷமாகப் பார்ப்பவள் அவள். முதலில் இளஞ்சூட்டில் ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் சூட்டை ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் தோல் பிளந்து பச்சை நிறம் போய்விடும். ஒரு பிடிக் காயைக் காதருகே குலுக்கியே, இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவாள்.

புதுத் தலைமை அதிகாரி பிரதீப் சென்னையில் ஏதோ பிஸ்கட் கம்பெனியை நிமிர்த்தியவராம். ஏலச்செடியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. வந்த மூன்றாம் நாளே, ஒரு நாள் முழுக்க உலர்த்தும் காயைப் பத்து மணி நேரத்தில் உலர்த்தி முடிப்பேன் என்று இயக்குநர்களிடம் அறிவித்துவிட்டார். ஸ்டோரின் சூட்டைத் தன் போனிலிருந்தே கூட்டிக் குறைக்க ஏற்பாடு செய்துகொண்டார். வேறு யாராவது கைவைத்தால் வேலை போகும் என்று சுற்றறிக்கை வேறு. எனக்கு மேனேஜர் என்று ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டியது.

போன் போட்டேன். "சார், எழுபது டிகிரி தாங்காது. காய் வெடிக்குது."

"பழைய ஆளுங்களுக்கே இந்தப் பயம்தான் ராக்கையா. இப்ப மீட்டிங்ல என் முறையைப் பத்திதான் பேசிட்டிருக்கேன்." வைத்துவிட்டார்.

"மெயின் சுவிச்ச அமத்திரவாண்ணே?" என்றாள் மகாராணி.

"வேணாம்த்தா. உன் சோலி போயிரும்" என்றேன்.

சாயங்காலம் தட்டுகளை இழுத்தால், இந்த வருஷத்து முதல் பறிப்பு மொத்தமும் மஞ்சளாகக் கிடந்தது.

மறுநாள் காலையில் பிரதீப் வந்து ஒரு காயை மோந்து பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். "முறையில தப்பே இல்ல. ஸ்டோர்ல யாரு நின்னா?" என்று கேட்டார்.

மகாராணி என் வாயையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தேன் நின்னேன். தொடாமத்தேன் நின்னேன்" என்றாள்.

இனிமேல் அவள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கீழே இறங்கும் ஜீப்பில் போய் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் அடுத்த லோடு வந்தது. எல்லாம் பச்சைப்பசேலென்ற காய். தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்தும்போது போன் அடித்தது.

"எழுபத்தஞ்சு வச்சிருக்கேன் ராக்கையா. நேத்து சூடு பத்தல."

உள்ளே விசிறி சுற்றத் தொடங்கியது. சுவரில் உயரத்தில் மெயின் சுவிச்சு. அதற்குக் கீழே மகாராணி உட்காரும் முக்காலி காலியாகக் கிடந்தது. அதில் ஏறி நின்றால் எனக்கும் எட்டும்.