சிவப்புப் பலகைக்கு அடுத்த அறை

என் கணவர் சின்னராசா லேசில் வாய் திறக்கமாட்டார். திறந்தால் அது ‘வேணாம்’ என்று சொல்வதற்குத்தான்.

எனக்கு ஐந்து மாதம். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது வலியே இல்லாமல் இரத்தம் பட்டது. தோட்டத்து மருத்துவிச்சி அந்தோனியம்மா பதறிவிட்டார்.

“நஞ்சுக்கொடி கீழ இருக்கோ என்னமோ. ஸ்கேன் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது. இப்பவே போங்க.”

“ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஸ்கேன் மட்டும் வேணாம்” என்றார் இவர்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் முதல் பிள்ளை ஸ்கேன் எடுத்த மறுநாள் கலைந்துபோனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

மஸ்கெலியாவில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் ஸ்கேன் எடுக்கத்தான் அனுப்பினார்கள். ஸ்கேன் அறைக்குப் பக்கத்துக் கதவில் சிவப்புப் பலகை: ‘கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது.’

“பாத்தியா? அவங்களே எழுதிப் போட்டிருக்காங்க!”

தோட்டத்து லயத்து வீடுகளில் எங்களுக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒன்றுதான். இரண்டுமே ‘படம் புடிக்கிறது.’ எனக்கு வந்ததே கோபம்!

“அப்ப நா இங்கயே கெடந்து சாகவா?”

என் சத்தத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

“அது எக்ஸ்ரே ரூம். அதுல கதிர் பாயும், அதுக்குத்தான் அந்தப் பலகை. இதுல கதிரே இல்ல, வெறும் சத்தம். காதுக்குக் கேக்காத சத்தம். உள்ள போயி பிள்ளை மேல பட்டுத் திரும்பி வரும், அத வச்சு மிசின் படம் காட்டும். எத்தனையோ வருசமா பாத்துட்டாங்க, இதால பிள்ளைக்குக் கெடுதி வந்ததா தெரியல. அதுக்காக சும்மா ஆசைக்கு எடுக்கச் சொல்லமாட்டோம். தேவைப்பட்டாத்தான்.”

“அப்ப எங்க மொத புள்ள?” என்றார் இவர்.

“அன்னைக்கு எதுக்கு ஸ்கேன் எடுக்க வந்தீங்க?”

“வயித்து வலி. ரத்தமும் பட்டுச்சு” என்றேன்.

“அப்ப ஸ்கேனுக்கு முன்னாடியே கோளாறு ஆரம்பிச்சிருக்குல்ல? ஸ்கேனால கலையலங்க.”

இவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இவ வரமாட்டேன்னு அழுதா டாக்டரம்மா. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து படுக்க வச்சேன். நானே எம் புள்ளயக் கொன்னுட்டேன்னு...”

மேலே பேச முடியாமல் அழுதார். இத்தனை நாளும் மிசின் மேல் கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்! அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே அவரும் வந்தார். வயிற்றில் தடவிய பசை ஜில்லென்றது. திரையில் இதயம் படபடவென்று அடித்தது.

“புள்ள நல்லாருக்கு. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழதான் இருக்கு. மாசம் ஏற ஏற அநேகமா மேல போயிரும். போகலன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம், பயப்படாதீங்க. இப்ப இவங்க ரெண்டு நாள் இங்க வாட்டுல தங்கட்டும். வீட்டுக்குப் போன பின்னால, மறுபடி வந்து இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்.”

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எப்பன்னு சொல்லுங்க டாக்டரம்மா, நானே கூட்டிட்டு வர்றேன்” என்றார்.