சிறப்புரைக்காக நிறுத்திய கலவை மிஷின்

1

இந்தக் கதை ஒரு பொன்னாடையில் தொடங்கியது. யாருக்குப் போர்த்திய பொன்னாடை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்கமாட்டீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘நார்த்தாமலைக் குன்றுகளின் மேல் மெல்லிய பனி படர்ந்…’

[அடித்துவிட்டேன். அப்போது காலை பதினொரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.]

கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். அன்று அங்கே ‘கட்டடக்கலையிலும் பொறியியலிலும் பெண்கள்’ என்ற தலைப்பில் ஒரு கூட்டம். அதற்காக ஜாஸ்பின் டீச்சர் மூன்று நாள் உட்கார்ந்து எட்டு சார்ட் எழுதியிருந்தார். பாலம் கட்டியவர்கள், மாளிகை வரைந்தவர்கள் என்று எட்டுப் பெண்கள். ஒருவர்கூட புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறியதில்லை.

பக்கத்திலேயே புது வகுப்பறைக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை மிஷின் ஓட, ஆறு பெண்கள் சாரத்தில் நின்று காங்கிரீட் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

2

தலைமையாசிரியர் அய்யப்பன் ஜாஸ்பினிடம் வந்தார். “பேச்சு ஒண்ணும் கேக்கலைங்க டீச்சர். சிறப்பு விருந்தினர் கோவிச்சுக்கிறாரு. ஒரு மணி நேரம் மிஷின நிறுத்தச் சொல்லுங்க.”

ஜாஸ்பின் போய்ச் சொன்னார். சித்தாள் அமிர்தவல்லி கையில் இருந்த சட்டியை இறக்கவே இல்லை.

“பாதித் தளத்துல நிறுத்தப்படாதுங்க டீச்சர். போட்டது இறுகிப்போச்சுன்னா மிச்சம் அதோட ஒட்டாது. மழ பேஞ்சா அந்த எடத்துலதான் தண்ணி எறங்கும். எம்மக இலக்கியா இந்த ரூம்லதானே ஒக்காரப் போறா.”

“ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாருங்க.”

“அப்படி உள்ள என்ன மீட்டிங்கு?”

தலைப்பைச் சொல்ல ஜாஸ்பினுக்கு வாய் வரவில்லை. “சும்மா ஒரு பேச்சுங்க” என்றார்.

[மேஸ்திரி நாகராசு எங்கே என்று கேட்பீர்கள். கட்டடத்துறையின் பிரதிநிதியாக அவரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.]

3

முடிவு ஒன்று: டீச்சர் பிள்ளைகளை வெளியே கூட்டி வருகிறார். அமிர்தவல்லி பாடம் நடத்துகிறார். கைத்தட்டல்.

[பரிசு நிச்சயம். ஆனால் நடக்கவில்லை.]

முடிவு இரண்டு: “நிறுத்தமுடியாது” என்று அமிர்தவல்லி நிமிர்ந்து…

[எழுத எனக்கென்ன? மறுநாள் வேலைக்குக் கூப்பிடாவிட்டால் வீட்டில் உட்காரப் போவது நானா?]

நடந்தது இதுதான். மிஷின் நின்றது. ஒரு மணி நேரம் என்ற பேச்சு இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. ஜன்னல் வழியே ஜாஸ்பின் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். அமிர்தவல்லி மட்டும் சாக்கை நனைத்து நனைத்து, கலவை நின்றுபோன ஓரத்தை வெயில்படாமல் மூடிக்கொண்டிருந்தார். ஜாஸ்பினுக்கு அழுகை வந்தது. எட்டாவது சார்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

4

பொன்னாடை எனக்குத்தான் போர்த்தினார்கள். கோபித்துக்கொண்ட சிறப்பு விருந்தினர் நான்தான். அன்று நன்றாகவே பேசினேன்.

பிறகொரு நாள் ஜாஸ்பின் டீச்சர் போனில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் சித்தாளின் பெயரையும் சொன்னார். நான் குறித்துக்கொள்ளவில்லை. அமிர்தவல்லி நான் வைத்த பெயர், இலக்கியாவும் அப்படியே.

வகுப்பறையைத் திறந்தாயிற்று. கல்வெட்டில் ஒன்பது பெயர்கள், எல்லாம் ஆண்கள். ஐப்பசி மழைதான் இன்னும் வரவில்லை. வந்ததும் நானே போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு பள்ளிகளில் பேச்சு இருக்கிறது, இதே தலைப்பில்.

அதனால் முடிவை நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். மழை விட்டதும் உள்ளே போய், மூன்றாவது பெஞ்சுக்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். அந்தப் பிள்ளை அங்கேதான் உட்காருகிறதாம்.