படையல் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து

தணிகாசலத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அவருடைய சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு என்று லேப்பிலிருந்து போன் வந்தது. படையலைச் சாப்பிட்ட காகத்தின் இடது காலில் குத்தி எடுத்த ரத்தம். உயிரோடு இருந்தபோதும் அவர் இடது கையைத்தான் நீட்டுவார், வலது கையைக் கேட்டால் முறைப்பார். ஆக, அவரேதான்.

அன்றைய சமையல் சொந்தக்காரர்கள் பார்த்தது. பாயசம், ஜாங்கிரி, சர்க்கரைப் பொங்கல் என்று அமர்க்களப்படுத்தியிருந்தார்கள். இருக்கிறவரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, போன பிறகு வாயில் திணிக்க மட்டும் வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன், ரத்தம் எடுக்கும்போது அவர்கள் யாரும் ஊரில் இல்லை.

போனை வைத்துவிட்டு அவர் மனைவி குணவதி அடுப்பு மேடையில் இருந்த ஜாடியைப் பார்த்தாள். அதில் அதிரச மாவு இருந்தது. பச்சரிசியை இடித்து, வெல்லப் பாகில் கிளறி, மேலே நெய் தடவி மூடி வைத்தது. வருகிற அமாவாசைக்கு அவருக்கென்று செய்தது.

சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து அவள் அவர் தட்டில் இனிப்பைக் காட்டியதில்லை. காலிஃபிளவரைத் துருவிப் புளியோதரை கிளறினாள். கம்பையும் வெந்தயத்தையும் அரைத்து இட்லி ஊற்றினாள். தினை மாவைப் பணியாரக் கல்லில் எண்ணெய் காட்டிச் சுட்டு, தீபாவளிக்கு அதை அதிரசம் என்று வைத்தாள். அவர் ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

“வெல்லம் போட்டியா?”

“போட்டிருக்கேங்க. நிஜ வெல்லம்.”

கூசாமல் சொல்வாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். கடைசித் தீபாவளியன்று மட்டும் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு, “செத்தப்புறமாவது நிஜமா ஒண்ணு போடு, குணா” என்றார். “போடறேன், பேசாம சாப்பிடுங்க” என்றாள் அவள். அந்த ஒன்றைப் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு இந்த உலகத்தில் எந்த ஆசையும் மிச்சமில்லை.

அதைப் படைக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இறந்தவர்கள் மாத்திரை விழுங்க மாட்டார்கள், சாப்பாட்டில்தான் கட்டுப்படுத்தியாக வேண்டும். விட்டால் கண் போய்விடும், கண் போனால் காகத்துக்கு வீடு தெரியாது. பக்கத்து வீட்டு லோகேஸ்வரியின் அப்பா அப்படித்தான் வழி தவறி, மூன்று வருஷமாகக் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் யார் யார் இலையிலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவளும் அமாவாசை தவறாமல் இலை போட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எனவே குணவதி ஜாடியை மேல் தட்டில் ஏற்றிவிட்டு, மறுபடியும் தினையை அரைத்தாள். ஒவ்வோர் அமாவாசையும் சாமைச் சோறு, கொள்ளு ரசம், பாகற்காய், தினை அதிரசம். காகம் வந்து அதிரசத்தை அலகால் ஒரு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். “நிஜ வெல்லம்தாங்க” என்பாள் பழக்க தோஷத்தில். காகம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடும். இரண்டு மணி நேரம் கழித்து லேப்பிலிருந்து சாதிக் மாடியேறி வருவான், காகம் இடது காலை நீட்டும்.

வருஷம் திரும்பியபோது சர்க்கரை நூற்று இருபத்தாறுக்கு வந்திருந்தது. குணவதி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

“ஒண்ணே ஒண்ணு போடட்டுமா, டாக்டரம்மா?”

“உயிரோட இருந்தப்போ எப்பவாவது ஒண்ணு கொடுத்திருக்கலாமேம்மா. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போ கூடாது.” பிறகு காகத்தின் கண்ணை எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கண்ணு எப்படியும் போயிட்டிருக்கு. இது பழைய பாதிப்பு. அடுத்த அமாவாசைக்கு வீட்டைக் கண்டுபிடிச்சு வந்தார்னா, அதுதான் கடைசியா இருக்கும்.”

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். கொடுத்திருக்கலாமே என்ற ஒரு வார்த்தையே திரும்பத் திரும்பக் கேட்டது. யாரைக் காப்பாற்ற யாரை வதைத்தோம் என்று நினைத்தாள். இரண்டு பஸ் வந்து போயின, அவள் ஏறவில்லை.

அமாவாசையன்று ஜாடியை இறக்கினாள். மாவு கெடவில்லை. வாழையிலையில் தட்டி, நெய்யில் போட்டு, சிவக்கச் சிவக்க எடுத்து, நெய் வடிய இரண்டு கரண்டிக்கு நடுவில் அழுத்தினாள். தெருவே மணத்தது. சாமைச் சோற்றுக்கும் பாகற்காய்க்கும் பக்கத்தில் அந்த ஒற்றை அதிரசத்தை வைத்துக் குரல் கொடுத்தாள்.

காகம் வந்தது. கைப்பிடிச் சுவரைத் தவறவிட்டுத் துணிக்கொடியில் மோதி, தரையில் இறங்கி, நடந்தே இலைக்கு வந்தது. அதிரசத்தை அலகால் தட்டியது. நிமிர்ந்து, அவள் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது.

“நிஜ வெல்லம்ங்க” என்றாள் குணவதி. “சத்தியமா. இந்தத் தடவை நிஜம்ங்க.”

காகம் அதிரசத்தை மெல்ல ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பாகற்காயைச் சாப்பிட்டது. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டியின் மேல் தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஓரத்தில் கிடந்ததை எடுத்துக் குணவதியே தின்றாள். அதில் இனிப்பே இல்லை. கடைசி விள்ளல்வரை மென்று பார்த்தாள், மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து சாதிக் வந்து, ஏணியில் ஏறிக் காகத்தைக் குத்திப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு.

“ஐயா ஸ்வீட் ஏதாச்சும் சாப்பிட்டாராம்மா?”

“நான்தான் சாப்பிட்டேன்” என்றாள்.

“அதான்” என்று எழுதிக்கொண்டு போனான்.

அடுத்த அமாவாசைக்குக் காகம் வரவில்லை. பொழுது உச்சிக்கு வந்தும் இலை தொடப்படாமல் கிடந்தது. சாதிக் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“ஐயா வரலைன்னா வீட்டாளு யாராச்சும் மேல உக்காரணும்மா. வெறும் கையோட போக முடியாது.”

குணவதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். தொட்டியின் மேல் வேறு வீட்டுக் காகங்கள் நாலைந்து உட்கார்ந்திருந்தன. நகர்ந்து இடம் விட்டன. அங்கிருந்து பார்த்தால் ஊரின் எல்லா மாடிகளும் தெரிந்தன. எந்த மாடியிலும் அவர் இல்லை.

பக்கத்து மாடியில் லோகேஸ்வரி இலை போட்டுவிட்டு, கட்டிய தொண்டையோடு கூப்பிட்டாள். அண்ணாந்து தொட்டியைப் பார்த்தாள்.

“வந்துட்டியாப்பா?” என்றாள் குணவதியிடம். “அதிரசம் வெச்சிருக்கேன். வெல்லம் போட்டதுதாம்ப்பா, நிஜ வெல்லம்.”

குணவதி இறங்கிப் போய், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். தினைதான். சாப்பிட்டு முடித்துத் திரும்பவும் தொட்டியின் மேல் ஏறி, காகங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் ஆனதும் சாதிக் ஏணியில் ஏறி வந்தான். அவள் இடது காலை நீட்டினாள்.