பதினாலாம் தேதி விடியாத அலுவலகம்

காலை எட்டு மணிக்கு எழுத்தர் ஜமீர் ஊராட்சி அலுவலகத்தைத் திறப்பான். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழிப்பான். அடியிலும் மே பதிமூன்றுதான் இருக்கும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

மக்கள் கேட்கும் தகவலைப் பதினாலு நாளுக்குள் தர வேண்டும் என்பது கிர்கிஸ்தான் சட்டம். கீழ்த்தெரு பூருல்கான் வாய்க்கால் தண்ணீர் முறைப் பட்டியலின் நகல் கேட்டு மனுப் போட்டிருந்தாள். தன்னுடைய செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறது என்று அவள் பார்க்க வேண்டும். கெடு மே பதினாலு. அந்த நாள் அலுவலகத்துக்குள் விடியவே இல்லை. வெளியே வழக்கம்போல விடிந்தது. பனி பெய்தது, ஆடுகள் குட்டி போட்டன, பூருல்கானின் நாற்பது ஆப்ரிகாட் மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கெடு தாண்டிய மனு ஒன்றுகூட இல்லை என்று தலைவர் தொக்தோசுன் மாவட்டத்துக்கு எழுதினார். மாவட்டம் பாராட்டுச் சான்றிதழ் அனுப்பியது.

உள்ளேயே இருந்தால் வயது ஏறாது என்று தெரிந்ததும் தலைவர் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். அதனால் இரண்டு வயது இளைய தம்பி இப்போது அவரைவிட ஒன்பது வயது மூத்தவனாகிவிட்டான். அவன் வந்தால் தலைவர் எழுந்து, பெரியவர்களுக்கான இடத்தில் உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூத்தவன் மூத்தவன்தானே.

பூருல்கான் தினமும் வந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதி தம்பி?"

"பதிமூணு, அக்கா."

"சரி, நாளைக்கு வர்றேன். தலைவர்கிட்ட சொல்லு, மீசை இன்னும் நரைக்கலைன்னு."

போன வசந்தத்தில் இரண்டு மரங்கள்தான் மிச்சம். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். உள்ளேயே இருந்துவிட்டால் நோய் முற்றாது என்று ஜமீர் சொல்லிப் பார்த்தான். மரத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும் என்று அவள் திரும்பிவிட்டாள். பட்டியல் அவன் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெளிவாசல்வரை கூடவே போய், தண்ணீர் தலைவரின் குதிரைமசால் தீவன வயலுக்குப் போகிறது என்று காதோடு சொன்னான். பதினோரு வருடப் பாரம் இறங்கியதுபோல அவனுக்கு இருந்தது. அவள் ஏதோ சொல்லிவிட்டு நடந்தாள்.

சனிக்கிழமை அவளை அடக்கம் செய்தார்கள். திங்கட்கிழமையும் அலுவலகத்தில் மே பதிமூன்றுதான். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மழை பெய்தால் உள்ளே வந்து ஒதுங்குகிறார்கள்.

அன்று வாசலில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"இது ஊர் நாய்க்கும் தெரியும் தம்பி. நீ எழுதி, சீல் வச்சுக் குடு."