மலையைக் கவிழ்த்த நாள்

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் அவள்.

கணவர் இன்னொரு தலையணையை அவள் முதுகுக்குப் பின்னால் திணித்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். அவள் இப்போது கனமே இல்லை. மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாய் ஒரு பக்கமாக நழுவியது. அதைச் சரிசெய்துவிட்டு, துணி தேய்க்கும் மேஜையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, அதன் மேல் லேப்டாப்பை வைத்தார்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா தம்பி?" வெந்நீர் டம்ளரோடு வாசற்படியில் நின்ற அவளுடைய அக்கா கேட்டாள். "பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க என்னடான்னா பாடம் நடத்த மேஜை போடுறீங்க."

"டாக்டர் சொன்னது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு," என்றாள் அவள், மூச்சை வார்த்தைக்கு வார்த்தை பங்கு போட்டுக்கொண்டு. "அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னிக்கு ஒரு நாள் என்னை விட்டுடு அக்கா."

அக்கா டம்ளரைப் பக்கத்து அலமாரியில் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். தங்கையைச் சின்ன வயதிலிருந்தே அவளால் தடுக்க முடிந்ததில்லை. இன்றைக்கு மட்டும் முடியுமா என்ன?

அவள் கல்லூரியில் நிலவியல் பேராசிரியை. அவர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம் என்று மனித முகங்களிலேயே காலம் தள்ளியவர். "கல்லைக் கட்டிக்கிட்டவளை நான் கட்டிக்கிட்டேன்" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஓரத்து மலைக்குப் போவாள். மலையின் அடியில் சிப்பி படிந்த பாறை, உச்சியில் சிவப்பு மணற்பாறை. முதலில் இங்கே கடல் இருந்தது, பிறகு அது பின்வாங்கிப் போய் நிலமானது என்று சொல்லிக்கொண்டே ஏறுவாள். முப்பது வருடமாக அதே கதை, அதே பாதை, அதே உற்சாகம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். சக்கர நாற்காலியில் வருபவள். கேள்வி கேட்காத நேரம் என்பது அவள் தூங்கும் நேரம்தான், அதனால் வாயாடி என்று பேர். களப்பயணத்துக்கு வராதவர்களுக்குத் தேர்ச்சி கிடையாது என்பது கல்லூரியின் விதி. மற்ற எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்த வாயாடி அந்த ஒன்றில் மட்டும் இரண்டு வருடமும் தேறவில்லை. அதே சமயத்தில்தான் பேராசிரியைக்கு நுரையீரல் கெட்டது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது.

"மலை எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக்கல," என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அதனால மலையை இங்க கொண்டு வந்துடலாம். நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

அவரும் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் உருண்டைக் கேமராவைக் கம்பில் மாட்டிக்கொண்டு, அந்தக் கோடை முழுக்க மலையில் ஏறி இறங்கினார். ஒவ்வொரு பாறையிடமும் "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தார், பழக்க தோஷம். அவள் கட்டிலில் இருந்தபடியே படங்களைக் கோத்து, இடத்துக்கு இடம் தன் குரலைப் பதிந்து வைத்தாள். கல்லூரிக் கடிதங்களில் அதற்கு மெய்நிகர்க் களப்பயணம் என்று பெயர். மாணவர்கள் வைத்த பெயர் உட்கார்ந்த இடத்து மலையேற்றம். திரையில் விரலால் தள்ளினால் பாதையில் நடக்கலாம், நிமிர்ந்து வானம் பார்க்கலாம், குனிந்து தரையைப் பார்க்கலாம். ஒரே குறை, குனிந்தால் பல இடங்களில் கேமராக்காரரின் காலும் தெரியும்.

"உங்க காலைப் பார்க்கவா பசங்க வராங்க?" என்று அவள் திட்டினாள். அதைவிடப் பெரிய திட்டு வேறொரு நாள் விழுந்தது. ஓடை பிரியும் இடத்தில் அவர் வழி தப்பி, யாரும் போகாத இடது கரைக்குத் தாண்டிவிட்டார். அங்கே பாசி வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அந்த வலியிலும் விடாமல் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லைங்க, வழுக்கல்னு நான் ஒரு தடவைகூட யாரையும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றாள். அவர் முகம் தொங்கிப்போனது. ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் பார்த்தால் அவள் அந்தப் படங்களை அழிக்காமல், வழி தப்பிய இடம் என்று தலைப்புப் போட்டு ஓர் ஓரத்தில் சேர்த்து வைத்திருந்தாள்.

இன்றைக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார், திரை வழியாக. இதைக் களப்பயணம் என்று ஏற்றுக்கொள்ளலாமா கூடாதா என்பது அவர் கையில் இருந்தது. ஏற்றுக்கொண்டால் வாயாடிக்குத் தேர்ச்சி. இனி வரும் பிள்ளைகளுக்கும் வழி திறந்துவிடும். மறுத்தால் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லலாம், அவளால் சொல்ல முடியாது.

திரையில் இரண்டு முகங்கள் வந்தன. வாயாடி தலையை அழுந்த வாரியிருந்தாள். தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். இருவருக்கும் நடுவில் மலை. கணவர் கேமராவில் படாதபடி கட்டிலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் நல்ல மனிதர்தான். எல்லா இடத்தையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். வாயாடியிடம் நிறையக் கேள்வி கேட்டார். அவள் எதற்கும் அசரவில்லை. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன் மேடம். ஆனா ஒரு விஷயம். இதுல நீங்க காட்டுறதைத்தான் இந்தப் பொண்ணு பார்க்க முடியும். நிஜ மலை அப்படி இல்லையே. வாத்தியார் கண்ணுல படாத ஒண்ணு மாணவன் கண்ணுல படும். அதுக்குப் பேருதானே ஃபீல்டு? இது அழகான பாடப் புத்தகம். அவ்வளவுதான்."

கணவர் மனைவியைப் பார்த்தார். பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாதவள். இப்போதோ "அவர் சொல்றது சரிதான்" என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அந்தத் தேர்வாளரைத் திரைக்குள் கையை விட்டு உலுக்கலாம்போல இருந்தது.

"சார், நான் ஒண்ணு காட்டட்டுமா?" வாயாடியின் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "மேடம் கோவிச்சுக்க மாட்டாங்கன்னா."

"காட்டும்மா."

"வழி தப்பின இடத்துக்குப் போகலாம்."

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போயும் போயும் அந்த இடத்துக்கா? மலை நகர்ந்தது. ஓடையைத் தாண்டி, பாசி படிந்த கரையில் போய் நின்றது. வாயாடி பாறைச் சுவரின் ஒரு மூலையைப் பெரிதாக்கினாள். கருஞ்சாம்பல் நிறப் பாறைக்குள் வெளிர் நிறத்தில் ஆப்பு ஆப்பாகக் கோடுகள்.

"இது களிமண் வெடிப்பு சார். குளத்துச் சேறு வெயில்ல காஞ்சு வெடிச்சு, அந்த வெடிப்புல மணல் நிறைஞ்சு, அப்புறம் எல்லாம் கல்லாயிருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"சேறு வெடிச்சா வாய் மேல அகலமா இருக்கும், அடி குறுகலா இருக்கும். இங்க பாருங்க. அகலம் கீழ இருக்கு, கூர் மேல இருக்கு. எல்லா வெடிப்பும் இப்படித்தான் இருக்கு. பாறை தலைகுப்புறக் கிடக்கு சார். அடியில இருக்கிற சிப்பிப் பாறைதான் பழசுன்னு படிச்சோம். அப்படி இல்ல. மேல இருக்கிற சிவப்புப் பாறைதான் பழசு."

ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் சிரித்தார். "அவ்வளவு தூரம் போகாதம்மா. படம் எடுத்தவர் கேமராவைத் தலைகீழாப் பிடிச்சிருப்பார்."

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கணவரால் முடியவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து, மனைவியின் தோளுக்கு மேலாக முகத்தைத் திரைக்குள் நீட்டினார்.

"சார், நான்தான் எடுத்தேன். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையைத் தலைகீழா எடுத்திருந்தா என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா? பாப்பா, படத்தை அப்படியே கீழ தள்ளு."

வாயாடி தள்ளினாள். தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் ஓரத்தில் மடித்துக் கட்டிய வேட்டியும், ரப்பர் செருப்பும், ரத்தம் வழியும் ஒரு முழங்காலும் தெரிந்தன.

"அது என் காலு சார். கீழதான் இருக்கு, பார்த்துக்குங்க."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். தேர்வாளர் சிரிக்கவில்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் குனியக் குனிய, கடைசியில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. இந்த வெடிப்பைக் காட்டு, அந்த வெடிப்பைக் காட்டு, மேலே போ, பக்கத்துச் சுவருக்குப் போ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு வந்திருந்தது.

"மேடம், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா..." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். கண் கலங்கியது. அழப்போகிறாள் என்று கணவர் பயந்தார். அவளோ சிரித்தாள். இருமலும் சிரிப்பும் கலந்து, தலையணை எல்லாம் குலுங்கச் சிரித்தாள். "தெரிஞ்சிருந்தா முப்பது வருஷமா கடலை விரட்டிட்டு இருந்திருப்பேனா? அது வந்துட்டு இல்ல இருந்திருக்கு! அடிப் பாவி, என் மலையையே கவுத்துட்டியே! எப்போ பார்த்தே இதை?"

"ரெண்டு வாரமாச்சு மேடம். உங்களுக்கு உடம்பு சரியில்ல. எப்படிச் சொல்றதுன்னு..."

"உடம்பு சரியில்லாதவள்னா தப்பாத் தெரிஞ்சுக்கிட்டே போகணுமா?"

அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். வந்தவள் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்ல போய்ப் பார்க்கணும் மேடம். நானே போறேன். ஆனா நான் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கணும். இது ஃபீல்டுதான். இந்தப் பொண்ணு பாஸ். என் அறிக்கையில இதை ஏத்துக்கலாம்னு இன்னிக்கே எழுதிடுறேன்."

வாயாடி இரண்டு கையையும் தூக்கிக் கத்தியதில் லேப்டாப்பின் ஒலிபெருக்கி கரகரத்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார், அக்கா நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல்.

திரையை மூடிய பிறகும் அவள் படுக்க மறுத்தாள். "என் குரலை அழிச்சிடாதீங்க," என்றாள். "தப்பாச் சொன்னது தப்பாவே இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி அவ குரலைச் சேருங்க."

"சரி. நீ படு."

"இருங்க, கதையை மறுபடி முதல்லேர்ந்து சொல்லிப் பார்க்கணும். மாத்திச் சொல்லணும் இல்ல? கேளுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முதலில் சிவப்பு மணல் என்றாள். காற்றும் மணலுமாக, ஒரு செடி இல்லாமல். அப்புறம் மழை. ஒரு குளம். குளம் காய்ந்து வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நெடுநேரம் மூச்சு வாங்கினாள், ஆனால் விடவில்லை. புதுசாகக் கேட்கிற கதையை அவளே சொல்வதுபோல அவள் கண் விரிந்தது.

"அப்புறம் தூரத்துல கடல்," என்றாள். "இப்பதான் வருது."

அவர் அவள் மூச்சுக்காகக் காத்திருந்தார். அடுத்தது சிப்பி வரவேண்டும். இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அவர் அதை நிறுத்தினார்.

மறுநாள் காலை அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். வாயாடியை நாற்காலியோடு நான்கு பேர் படியில் தூக்கி வந்தார்கள். அவள் மேடத்தின் பாதத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். கூடத்தில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் எதை எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம் எழுந்தது.

"முழு மலையும் எப்படிக் கவிழும்? அந்தக் கரை மட்டும் சரிஞ்சு விழுந்திருக்கும்!"

"சரிஞ்சிருந்தா அடுக்கெல்லாம் உடைஞ்சிருக்கணும்டா. மேல அடுக்கெல்லாம் அப்படியே வளைஞ்சு மடங்குற இடத்தை நீ பார்த்தியா இல்லையா?"

"நான் ராத்திரி திரையில மூணு தடவை போயிட்டு வந்தேன், என்கிட்ட சொல்றியா?"

"ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்கப்பா," என்றது இன்னொரு குரல். விடிவதற்குள் பஸ் ஏறி வந்து சேர்ந்த தேர்வாளர். அடுத்த நிமிடம் அவரே எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவரை மடக்கி வாயாடியின் குரல் ஏறியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாவு வீட்டுல என்ன கூச்சல் இது? போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம் அண்ணி."

அவர் எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிப் போய், அவள் தலைமாட்டுக்கு நேரே தெருப்பக்கம் சாத்தியிருந்த ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து வைத்தார்.