கொசுறின் எடை

போடி கடைவீதியில் சுயம்புலிங்கத்தின் மளிகைக் கடைக்குக் கூட்டம் வந்தது சரக்குக்காக இல்லை, தராசுக்காக. அவர் மகள் பூமாரி நிறுத்தால் சரக்குத் தட்டு ஒரு விரற்கடை தாழ்ந்துதான் நிற்கும். முள் நேராக நிற்பதை அந்தக் குடும்பத்தில் கஞ்சத்தனம் என்பார்கள். நிறுத்து முடித்த பிறகும் கொசுறாகக் கொஞ்சம் அள்ளிப் போட வேண்டும். அது எவ்வளவு என்று பார்க்கக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு என்ற ஒன்று பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருந்த சமயம். பூமாரி அதில் அறிவியல் எடுத்திருந்தாள். தேறினால் மதுரையில் கல்லூரி, தவறினால் கடையில் தராசு என்று அப்பா சொல்லியிருந்தார். தவறிவிடுவாள் என்று உள்ளூர நம்பினார். மோல் என்றால் என்னவென்று மகளிடம் கேட்டபின் நம்பிக்கை உறுதியானது. கார்பன் பன்னிரண்டு கிராம், தண்ணீர் பதினெட்டு கிராம். இதில் எத்தனை அணுவோ அதில் அத்தனை மூலக்கூறு. ஆறு போட்டு இருபத்துமூன்று பூஜ்யம். எவனும் உட்கார்ந்து எண்ணவில்லை, எடையை வைத்தே சொல்கிறார்கள். ஏலக்காய் மண்டிக்காரர்கள்கூட இவ்வளவு துணிந்து கணக்குச் சொல்வதில்லை என்பது அவர் கருத்து.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்த ஞானசிகாமணி, பள்ளியில் கரைத்து வைக்கும் கரைசலை நம்பாதவர். அவரவரே நிறுத்துக் கரைக்கட்டும் என்றார். பூமாரிக்குச் சோடியம் கார்பனேட். ஒரு மோல் நூற்றாறு கிராம். அதில் இருபதில் ஒரு பங்கு போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசின் முள் நடுவில் வந்து நின்றது. அவள் கை தானாகப் போய் இன்னும் ஒரு சிட்டிகை போட்டது.

அது என்ன என்று ஞானசிகாமணி கேட்டார்.

"கொசுறு சார்."

"யாருக்கு?"

இந்தப் பழக்கத்தை விடும்படி இரண்டு வருடமாகச் சொல்லி ஓய்ந்திருந்த வேதியியல் ஜெபராணி டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானசிகாமணி திட்டவில்லை. கூடுதலாகப் போட்டது குற்றமில்லை, எவ்வளவு கூடுதல் என்று தெரிந்தால் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். அதையும் நிறுத்து எழுத வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண் முட்டை.

"கொசுற நிறுக்கக் கூடாது சார். நிறுத்துப்புட்டா அது கொசுறு இல்ல, யாவாரம்."

"கரைசலுக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

பூமாரி மதுரையை நினைத்துக்கொண்டாள். அங்கே விடுதிக் கதவைத் தட்டி யாரும் வரமிளகாய் கேட்க மாட்டார்கள். மில்லிகிராம் எடைகளை இடுக்கியால் எடுத்து எதிர்த் தட்டில் வைத்தாள். இருநூறு. அதை மோலாக்கி எண்ணிக்கையும் சொல்லச் சொன்னார். ஒன்று போட்டு இருபத்தொரு பூஜ்யம், அதற்கும் கொஞ்சம் மேலே. திருத்திய கணக்கு சரியாக வந்தது.

தேறிவிட்டாள். சுயம்புலிங்கம் உடனே பின்வாங்கினார். கல்லூரி என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. தராசுக்கு ஆள் வேண்டாமா என்றார். பூமாரி அழவில்லை. கடையில் ஆள் இருக்கும்போதே தேர்வில் நடந்ததைச் சொன்னாள்.

மல்லி வாங்க நின்றிருந்த அன்னத்தாய், பையை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள்.

"கொசுற எண்ணியா பாத்த, ஆத்தா?" என்றார் சுயம்புலிங்கம்.

"கடைசிப் பூஜ்யம் வரைக்கும்."

மல்லி வாங்காமலே அன்னத்தாய் படியிறங்கினாள். அடுத்த கடைக்குள் அவள் நுழைவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தராசைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

"இனிமே நீ இங்கன உக்காந்தா ஒரு ஈ வராது. மதுரைக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸு?"