எட்டாவது ஆள்

…சட்டையை முதலில் மடிப்பதா, போர்வையையா, ஏழு பேர் சாமானையும் சாயங்காலத்துக்குள் பெட்டியில் போட்டுக் கட்டி வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் சார்ஜென்ட், சொல்வது சுலபம், ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிறவனின் துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது, காலையில் குளித்துவிட்டு வந்தவனை மற்ற ஆறு பேரோடு கைது என்று அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள், ஈரத்தோடு மடித்தால் நாறிப்போகும், இதை யாரிடம் கேட்பது? எட்டுப் பேர் குறட்டையில் அதிர்கிற அறை, இப்போது என் பூட்ஸ் சத்தமே எனக்கு யாரோ வருகிற மாதிரி கேட்கிறது… “வீடியோ எடுத்தது யாருன்னு ஒருத்தனும் வாயத் திறக்கல, கல்லுளிமங்கனுங்க” என்று சொல்லிவிட்டு சார்ஜென்ட் என்னையே பார்த்தார், நான் என் பூட்ஸ் நாடாவைப் பார்த்தேன்.

முந்தாநாள் மத்தியானம் இதே அறையில்தான். தேர்தலைத் தள்ளிப்போட்டதற்காகப் பன்னிரண்டு நாளாகச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களைக் கலைக்க எங்களைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று சேதி வந்ததும் ஒட்டகம் கழுத்தை நீட்டிக்கொண்டு எழுந்தான், அந்தக் கழுத்துக்காகத்தான் அந்தப் பெயர், “எந்தங்கச்சி அங்க உக்காந்திருக்காடா, அவ மூஞ்சிக்கு நேரா துப்பாக்கிய நீட்டவா?” ஒவ்வொருத்தனாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்… சுவரோரம் வரிசையாக ஏழு பேர், முழுச் சீருடையில், போன் கேமராவைப் பார்த்து, அவங்க கேக்கறது நியாயம், நாங்க அவங்களைச் சுட மாட்டோம், அவ்வளவுதான், நாற்பது விநாடி, நடுவில் ஒருத்தன் இருமினான், கடைசியில் எங்கள் டிரைவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டான், அதை வெட்டக்கூடத் தோன்றவில்லை, அப்படியே ஊர் பூராவும் பரவிவிட்டது. சதுக்கத்தில் பெரிய திரையில் போட்டார்களாம், கிழவர்கள்கூட எழுந்து நின்று சல்யூட் அடித்தார்களாம். அந்த இருமலை நான் பத்தடி தூரத்தில் நின்று கேட்டேன், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, யாரிடம் சொல்ல?

போன் அடிக்கிறது, ஒட்டகத்தின் சம்சாரம். எடுக்காமல் விட்டுவிடலாமா… எடுத்துவிட்டேன்.

“அண்ணே, அவரை எங்க வச்சிருக்காங்க?”

“தெரியலம்மா. விசாரிச்சு சொல்றேன்.”

“அடிப்பாங்களா?”

“அதெல்லாம் மாட்டாங்க” என்கிறேன், எனக்கு என்ன தெரியும்.

“வீடியோவ நாலஞ்சு தடவ பாத்துட்டேண்ணே. உங்களையும் தேடினேன். நீங்க எங்க நின்னீங்க?”

“பின்னாடி.”

“பின்னாடி செவுருதானே இருக்கு?” அவள் குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள், பிறகு அவளே, “நல்லவேளைண்ணே, நீங்களாவது வெளிய இருக்கீங்க, எனக்குப் பேச ஒரு ஆள் வேணும்ல” என்று வைத்துவிட்டாள்.

கட்டிலில் உட்கார்கிறேன், யார் கட்டில் என்று பார்க்கவில்லை. வீடியோ எடுக்க ஒரு ஆள் வேண்டாமா, அதுதான் என் பங்கு, நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ அவ்வளவு எடுப்பதற்கும் வேண்டும் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சார்ஜென்டிடம் சொல்லப் போனால்கூட இப்படித்தான் சொல்லியிருப்பேன்… ஆனால் ஒட்டகம் போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துவிட்டானே, தானாக எடுக்கிற மாதிரி. வரிசையில் டிரைவர் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்று, இங்க வாடா என்று தலையைக்கூட ஆட்டினானே. விழுந்துடும், நான் எடுக்கறேன், நீங்க நில்லுங்க என்று போனை எடுத்தது யார்? யாரும் என்னை எடுக்கச் சொல்லவே இல்லையே.